மீளாச் சொல்

2021 மார்ச்சுத் திங்களில் ஆஸ்திரேலிய நாட்டின் தரநிர்ணய வாரியம் ஒரு கணிப்பொறி விளையாட்டுக்குச் சான்றளிக்க மறுத்தது. சான்று பெறாத ஆக்கத்தை அந்நாட்டில் விற்கவோ விளம்பரப்படுத்தவோ சட்டம் இடந்தராது. பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு மட்டும் என்னும் தனி வகுப்பு 2013 முதல் விளையாட்டுகளுக்கும் அங்கே நடைமுறையில் உண்டு. அந்த வகுப்பிலும் இடமில்லை என்று தள்ளப்பட்டது 'டிஸ்கோ எலிசியம்' என்னும் கதை விளையாட்டின் விரிவாக்கப் பதிப்பு. போதைப்பொருள், வன்முறை, கொடுமை ஆகியவற்றைக் கையாளும் முறையில் அது பண்பட்ட மாந்தரின் ஒழுக்க வரம்பை மீறுகிறது என்பதே முதல் தீர்ப்பின் சாரம். இரண்டு திங்களில் மறு ஆய்வு வாரியம் அத்தீர்ப்பை மாற்றியது. போதையை நாடுபவர்க்கு இவ்விளையாட்டு நன்மை செய்யவில்லை, தொடர்ந்து நாடினால் தீங்கே செய்கிறது என்று கண்டு, வயது வந்தோர்க்குரியது என முத்திரையிட்டு விடுவித்தது.

இரு தீர்ப்புகளும் மதுவையும் மாத்திரையையும் எண்ணிப் பார்த்தன. ஓர் ஆக்கம் முதிர்ந்தோர்க்கு உரியதாவது எதனால் என்ற கேள்வியை இரண்டுமே தொடவில்லை. நமது கருத்து இது: செய்ததைச் செய்யாததாக ஆக்க முடியாது என்ற அறிவோடு வாழ்வதே முதிர்ச்சி. அந்த அறிவை ஆடுபவர் தோளில் ஏற்றும் இடங்களில் 'டிஸ்கோ எலிசியம்' நம் காலத்தின் பெருங்கதைகளோடு ஒப்ப நிற்கிறது. அச்சுமையைத் தானே இறக்கிவிடும் இடங்களில் அது தன் தரத்திலிருந்து தாழ்கிறது.

இதன் பிறப்பிடம் எஸ்டோனியா. ஏறத்தாழ பதின்மூன்று இலட்சம் மக்களே வாழும் அச்சிறு நாடு 1991 வரை சோவியத் ஆட்சியில் இருந்தது. ஒரு பெருங்கனவின் பெயரால் நடந்த ஆட்சியும், அது சரிந்தபின் வந்த சந்தையின் வெறியும் ஒரே தலைமுறையின் கண்முன்னே அங்கு நிகழ்ந்தன. தாலின் நகரில் ராபர்ட் குர்விட்ஸ் என்பாரும் அவர்தம் நண்பர்களும் மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டத்தில் ஒரு கற்பனை உலகை ஆண்டுக்கணக்கில் கட்டி எழுப்பினர். அவ்வுலகைக் களமாக்கிக் குர்விட்ஸ் எழுதிய புதினம் 2013 இல் வெளிவந்தது. வாங்கியோர் மிகச் சிலரே. மனமுடைந்த அவரை விளையாட்டாக அதை வடிக்குமாறு தூண்டியவர் கௌர் கெண்டர் என்னும் எழுத்தாளர். ஓவியத்தை அலெக்சாண்டர் ரோஸ்டோவ் ஏற்றார். எழுத்தில் ஹெலன் ஹிந்த்பெரே முதலியோர் துணைநின்றனர். 2019 அக்டோபர் 15 அன்று வெளியான அவ்விளையாட்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. அவ்வாண்டு முடியுமுன் அமெரிக்காவின் 'கேம் அவார்ட்ஸ்' மேடையில் நான்கு பரிசுகளும், அடுத்த ஆண்டு பிரித்தானியத் திரைக்கலைக் கழகத்தின் மூன்று பரிசுகளும் அதற்குக் கிடைத்தன. ஆயிரம் பேர் படிக்காத எழுத்தாளர் ஒருவரை உலகம் இவ்வழியே படித்தது.

கதை நிகழும் ரெவாஷோல் நகரம் ஒரு காலத்தில் மன்னராட்சியைக் கவிழ்த்துப் பொதுவுடைமை அரசு நிறுவ முயன்றது. அயல்நாடுகளின் கூட்டுப்படை அந்தப் புரட்சியை நசுக்கியது. பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் சுவர்களில் குண்டுத் துளைகள் மூடப்படவில்லை. வானில் அந்நியரின் போர்க்கலங்கள் நிற்கின்றன. துறைமுகத்தை ஒட்டிய மார்டினேஸ் என்னும் ஏழை வட்டாரத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடக்கிறது. விடுதியின் பின்புறத்து மரத்தில் ஒருவனது பிணம் ஏழு நாளாகத் தொங்குகிறது. அதை இறக்கி விசாரிக்க வந்த துப்பறிவாளரோ, தம் பெயரையும் முகத்தையும் ஊரையும் மறக்கும் அளவுக்குக் குடித்துவிட்டு, விடுதி அறையின் தரையில் கண் விழிக்கிறார். ஆடுபவர் ஏற்கும் உருவம் அவருடையது. அவர் முதலில் செய்ய முனையும் வீரச்செயல், சுழலும் மின்விசிறியில் சிக்கிய தம் கழுத்துப்பட்டையை எட்டிப் பிடிப்பது. உடல் வலுவற்றவராக அவரை அமைத்துக்கொண்டவர்க்கு அம்முயற்சியிலேயே மாரடைப்பு வந்து கதை முடிந்துபோகவும் கூடும்.

வாளும் துப்பாக்கியும் கொண்டு எதிரிகளை வீழ்த்தும் முறை இதில் கிடையாது. எல்லாம் பேச்சு. கடிகாரம் நகர்வதும் பேச்சு நடக்கும்போதுதான். ஊரெல்லாம் சுற்றினாலும் நேரம் கழியாது, ஒருவரோடு வாய் திறந்தால் கழியும். பேச்சுக்கு நடுவே துப்பறிவாளரின் உள்ளத்திலிருந்து இருபத்து நான்கு குரல்கள் எழுகின்றன. தருக்கம் ஒரு குரல், பரிவு ஒரு குரல், அதிகாரம் ஒரு குரல், மனவுறுதி ஒரு குரல். சாராயத்தையும் புகையையும் காமத்தையும் வேண்டி நச்சரிக்கும் குரலும் ஒன்றுண்டு. நகரத்தின் குளிர்காற்றையே கேட்கும் குரல் ஒன்று இடையிடையே பேசும்போது உரைநடை கவிதையின் எல்லைக்கு ஏறிவிடுகிறது. இக்குரல்களுள் எதுவும் முற்றும் நம்பத்தக்கதன்று என்பதை நுண்ணிய அமைப்பு என்றே சொல்ல வேண்டும். தருக்கத்துக்குப் புகழ்ச்சியில் மயக்கம். அதிகாரத்துக்கு எல்லாரும் அடிபணிய வேண்டும் என்ற வெறி. ஒரு குரலை மிகுதியாக வளர்த்தவர் அதன் குருட்டுத்தன்மையையும் சேர்த்தே பெறுகிறார். தன் அறிவே தன்னை ஏமாற்றும் என்பதை ஒரு நாவல் சொல்லிக் காட்டலாம். இங்கே ஆடுபவர் அந்தக் குரலைத் தாமே வளர்த்து, அதை நம்பி, அதனால் ஏமாறுகிறார்.

கடினமான செயல்களுக்கு இரு பகடைகள் உருள்கின்றன. இரண்டிலும் ஆறு விழுந்தால் அரியதும் கைகூடும். இரண்டிலும் ஒன்று விழுந்தால் எளியதும் தவறும். சில முயற்சிகளை, திறன் வளர்ந்தபின் மீண்டும் செய்து பார்க்கலாம். சிவப்பு நிறத்தில் காட்டப்படுவனவற்றுக்கு ஒரே வாய்ப்புதான். தோல்வி வந்தாலும் கதை நிற்பதில்லை. அதற்கெனத் தனியே எழுதிய பகுதி விரிகிறது. வெற்றிக்கு எழுதியதைவிடத் தோல்விக்கு எழுதியது பல இடங்களில் சிறப்பாக இருக்கிறது. தோற்றவனைக் கதையின் மையத்தில் அமர்த்தும் துணிவு விளையாட்டுத் தொழிலில் அரிது.

மார்டினேஸில் ஒரு தொழிலாளியின் மனைவி, தன் கணவன் சில நாளாக வீடு திரும்பவில்லை என்கிறாள். குடித்துவிட்டு எங்கோ கிடப்பான் என்றே அவள் எண்ணுகிறாள். கடலோரத்துப் பழைய மரநடைபாதையில் அவன் விழுந்து இறந்து கிடப்பதைத் துப்பறிவாளர் காண்கிறார். கொலை வழக்குக்கும் இச்சாவுக்கும் தொடர்பில்லை. ஆனால் அவள் வீட்டுக் கதவைத் தட்டி யாரேனும் சொல்லியாக வேண்டும். திரையில் சில வாக்கியங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்து அவளிடம் கூற வேண்டும். எதுவும் சரியான சொல் ஆகாது. முரட்டுத்தனமான சொல் கிடைக்கும், சுற்றி வளைக்கும் சொல் கிடைக்கும், நேரான சொல் கிடைக்கும். அவள் கேட்பவை எல்லாம் வாழ்க்கையின் சிறு கேள்விகள். அவ்வறையை விட்டு வெளியேறும் ஆடுபவர் எந்தப் புதையலும் பெறுவதில்லை. ஒரு பெண்ணின் வாழ்வு இரண்டாகப் பிளந்த கணத்தில் தாம் அங்கே நின்றோம், அதைச் சொன்ன நா தம் நா என்பதொன்றே அவருக்கு எஞ்சுகிறது. பார்வையாளனாக இருந்து கண்ணீர் விடுவது எளிது. இங்கே கண்ணீருக்கு முன்பே பொறுப்பு வந்துவிடுகிறது. ஊடாட்டக் கதை என்னும் கலைக்கு இதைவிட நல்ல நியாயம் நாம் கண்டதில்லை.

கிம் கிட்சுராகி என்னும் உடன் துப்பறிவாளரும் இப்பொறுப்பின் உருவமே. மற்றொரு காவல் நிலையத்திலிருந்து வந்த அவர் குறிப்பேடும் ஒழுங்கும் உடையவர். நாளுக்கு ஒரு சிகரெட்டுக்கு மேல் புகைக்காத கட்டுப்பாடு அவருக்கு உண்டு. முன்னோர் வேற்று நாட்டினர் என்பதற்காக, பிறந்து வளர்ந்த நகரிலேயே இழிசொல் கேட்பவர். ஆடுபவர் விரும்பினால் இனவெறிப் பேச்சையும் தேர்ந்தெடுக்கலாம், விளையாட்டு தடுப்பதில்லை. கிம் சற்று மௌனமாகிறார். அவர் உள்ளத்தில் ஆடுபவர்க்கு இருந்த மதிப்பு, திரையில் எண்ணாகக் காட்டப்படாமலே குறைகிறது. தண்டனை முழங்கும் ஆக்கங்கள் பல உண்டு. நல்லவர் ஒருவர் நம்மை மதிப்பதை நிறுத்திக்கொள்வதன் வலியை இவ்வளவு அடங்கிய குரலில் உணர்த்தியவை சிலவே. துப்பறிவாளரின் கனவில் அவரை விட்டுப் பிரிந்த பெண் தோன்றும் காட்சியும் இவ்வகையது. ஆடுபவர் எந்தச் சொல்லை எடுத்தாலும் அவள் திரும்புவதில்லை. தேர்வுக்கு இடம் தரும் கலையில், தேர்வினால் ஆகாதது ஒன்றுண்டு என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கூனோ என்னும் சிறுவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிணத்தின்மேல் கல்லெறிந்துகொண்டு, நாகூசும் வசைகளைப் பொழியும் அவனைக் கண்டு முகஞ்சுளித்துத் திரும்பியவர் பலர். அவன் தந்தை போதையில் நினைவிழந்து வீட்டில் கிடக்கிறான் என்பதைத் தேடிச் சென்று பார்ப்பவர்க்கே அவ்வசைகளின் வேர் விளங்கும். அருவருப்பைக் காட்டிவிட்டு, அதற்கப்பால் ஒரு பிள்ளையைக் காட்டுகிறது கதை. வசைச் சொல்லை எண்ணிக் கணக்கெடுப்பவர் இதைக் காணார்.

இத்துணை உயர்ந்த ஆக்கத்தின் குறைகளை மென்று விழுங்குவது அதற்கு நாம் செய்யும் நன்மை ஆகாது. முதலாவதும் பெரியதுமான குறை, மீளும் வாயில். பேச்சு நடவாத வேளையில் எந்தக் கட்டத்திலும் ஆட்டத்தைப் பதிவு செய்து வைக்கலாம். பகடை சாய்ந்தால் பழைய பதிவைத் திறந்து மீண்டும் உருட்டலாம். சிவப்பு முயற்சிக்கு ஒரே வாய்ப்பு என்ற விதி இதனால் வெறும் எழுத்தாகிறது. கிம்மைப் புண்படுத்திய சொல்லை அழித்துவிட்டு வேறொன்றைச் சொல்லலாம். கைம்பெண்ணின் வாயிலில் ஐந்து விதமாகப் பேசிப் பார்த்து, மனத்துக்கு உகந்ததை வைத்துக்கொள்ளலாம். அப்போது துயரம் ஓர் ஒத்திகை ஆகிவிடுகிறது. 2020 இல் சேர்க்கப்பட்ட கடின முறை, முயற்சிகளை அரிதாக்கியது, பணத்தை இறுக்கியது. இவ்வாயிலை மட்டும் அடைக்கவில்லை. மின்சாரம் போனாலோ கணிப்பொறி பழுதானாலோ உழைப்பு வீணாகாதிருக்கப் பதிவு வேண்டும் என்பது மெய். அதற்கு ஒரே ஒரு பதிவு, தானே எழுதித் தானே அழித்துக்கொள்ளும் பதிவு, போதும். எழுத்தாளர் தம் கதையின் உயிர்நாடி எதுவென்று அறிந்திருந்தும், அதைக் காக்கும் அமைப்பை உருவாக்காமல் விட்டுவிட்டார்.

ஆஸ்திரேலியாவில் எழுந்த போதைப் பிணக்கிலும் இக்குறையின் நிழல் உண்டு. மது, புகை, ஊக்க மருந்து ஆகியவற்றை எடுத்தால் ஒவ்வொன்றும் ஒருவகைத் திறனைச் சிறிது நேரம் உயர்த்தும். உடல்நலத்திலோ மனத்திடத்திலோ ஒரு பங்கைக் கொள்ளும். இழந்ததை ஈடுசெய்யும் மருந்துகளோ ஊர் முழுதும் எளிதில் கிடைக்கின்றன. ஆதலால் கணக்கறிந்தவர் கைக்குப் போதை ஒரு கருவி ஆகிவிடுகிறது. துப்பறிவாளரின் வாழ்வையே சிதைத்த நோய், பகடைக்கு முன் விழுங்கும் ஒரு கூட்டல் எண்ணாகக் குறுகுவது கதைக்கே இழுக்கு. மறு ஆய்வு வாரியத்தின் முடிவை நாம் வரவேற்கிறோம். குடியை விட்டொழிக்கும் வழியும், அவ்வுறுதியைப் பேணும் வழியும் விளையாட்டுக்குள் இருப்பது அம்முடிவுக்கு வலு. ஆயினும் போதையின் விலை போதுமான அளவு கடுமையாக வைக்கப்பட்டிருக்கிறது என்று அவ்வாரியம் கண்டதோடு நாம் முழுதும் உடன்பட இயலவில்லை. குடியின் அழிவைச் சொற்கள் சொல்கின்றன, எண்கள் சொல்லவில்லை.

துப்பறியும் கதையாகவும் இதன் முடிவு நெகிழ்ந்தது. குற்றவாளி இறுதிக் கட்டம் வரை கண்முன் தோன்றுவதே இல்லை. வரலாற்றின் கழிவாக ஒதுக்கப்பட்ட ஒருவரை அங்கே நிறுத்துவதில் அரசியல் பொருள் ஆழமானது என்பதை ஒப்புகிறோம். ஆனால் அடியும் தடயமும் தேடி அலைந்தவர்க்கு, அறிமுகமே இல்லாத ஒருவரைக் கைகாட்டுவது துப்பறியும் கதையின் பழைய உடன்படிக்கையை மீறுவதாகும். அதற்கு முன் துறைமுக நிறுவனத்தின் கூலிப்படையினர்க்கும் வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்க்கும் இடையே நிகழும் துப்பாக்கி மோதலைத் தவிர்க்கவே இயலாது. எத்தனை உயிர் தப்பும் என்பதே ஆடுபவர் கையில் இருக்கிறது. இது குறையாகக் கூறப்படுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு குடிகாரக் காவலரால் ஒரு நகரத்தின் பகையை நிறுத்த முடியாது. ஓரிருவரைக் காக்க முடியும். அவ்வளவே உண்மை.

எழுத்தின் செறிவு பலரைத் தொடக்கத்திலேயே விரட்டுகிறது. நாடுகள், போர்கள், கொள்கைகள், தெய்வமாக்கப்பட்ட பேரரசியர் என்று கற்பனை உலகின் பெயர்கள் முதல் சில மணி நேரத்திலேயே அடைமழையாகக் கொட்டுகின்றன. செதுக்கியிருந்தால் மேலும் ஒளிரும் உரையாடல்கள் பல. விரிவாக்கப் பதிப்பில் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தபோது, உள்மனக் குரல்களைப் பேசிய லென்வால் பிரவுனின் ஆழ்ந்த குரல் இக்குறையை ஓரளவு தணித்தது.

பெண் பாத்திரங்களைப் பற்றிய நம் மனக்குறை இதனினும் பெரிது. துறைமுக நிறுவனத்தின் சார்பில் பேச்சு நடத்த வந்த ஜாய்ஸ் மெசியே கூர்ந்த அறிவும் தன் வகுப்பின் குற்றத்தை உணர்ந்த சோர்வும் உடையவர், முழுமையான மாந்தர். அவரையும் இன்னும் சிலரையும் விலக்கினால், கதையின் பெண்கள் பெரும்பாலும் துப்பறிவாளரின் ஏக்கத்துக்கும் குற்றவுணர்வுக்கும் கண்ணாடியாகவே நிற்கிறார்கள். பிரிந்து சென்ற பெண்ணின் தரப்பு ஏறக்குறைய அவர் கனவின் வழியாகவே வருகிறது. ஆணின் தோல்வியை இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்த கதை, அத்தோல்வியால் புண்பட்டவளுக்கு அதே அளவு இடம் தந்திருக்க வேண்டும்.

அரசியலில் இவ்வாக்கம் எல்லாக் கொள்கையையும் எள்ளுகிறது: பொதுவுடைமையர், இனவெறியர், சந்தை வழிபாட்டினர், எதிலும் ஒட்டாத நடுநிலையர். பரிசு மேடையில் மார்க்சுக்கும் எங்கெல்சுக்கும் நன்றி கூறியவர்களின் ஆக்கம் தம் கொள்கையையே கடுமையாக நகைப்பது நேர்மை. தோற்றுப்போன புரட்சியின் மேல் அது கொண்ட துக்கம் போலியன்று. ஆனால் அவசரமாக ஆடுபவர், எல்லாம் ஒன்றே என்ற சோம்பலான முடிவோடு எழுந்து போய்விடவும் கூடும். அதைத் தடுக்கும் அளவுக்குக் கதை எப்போதும் வலுவாகப் பேசவில்லை. தொழிற்சங்கத் தலைவர் எவ்ரார்ட் கிளேர் சிரித்துக்கொண்டே விலை பேசும் காட்சியில், ஊழலும் நியாயமான கோரிக்கையும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருப்பதைக் காட்டும் இடம், இவ்வகையில் கதையின் மிகச் சிறந்த அரசியல் எழுத்து. அத்தகைய இடங்கள் இன்னும் வேண்டும்.

இவ்விளையாட்டை உருவாக்கிய கூட்டம் நிலைக்கவில்லை. குர்விட்ஸ், ரோஸ்டோவ், ஹிந்த்பெரே ஆகியோர் தம் விருப்பமின்றியே நிறுவனத்தை விட்டு நீங்க நேர்ந்தது என்ற செய்தி 2022 அக்டோபரில் வெளிவந்தது. நிறுவனத்தின் உரிமை குறித்து இரு தரப்பும் ஒன்றன்மேல் ஒன்று குற்றம் சாட்டின. வழக்கு மன்றம் வரை சென்றன. எத்தரப்பு நேரியது என்று தீர்ப்புக் கூறும் இடத்தில் நாம் இல்லை. ஆயினும் இளமை முதல் ஓர் உலகைக் கற்பனை செய்து வளர்த்தவர், அவ்வுலகில் இன்னொரு வரி எழுத உரிமையற்றுப் போகும் நிலை எந்தச் சட்டத்தின்படி சரியானாலும் இலக்கியத்துக்குக் கேடு. புதினம் எழுதியவர்க்கு உள்ள பாதுகாப்பு விளையாட்டை எழுதியவர்க்கு இல்லை. பெரும் முதலீடும் பெரிய குழுவும் இன்றி இவ்வகை ஆக்கம் பிறவாது என்பதால், உரிமை பங்குகளின் எண்ணிக்கையைப் பின்பற்றிப் போய்விடுகிறது. பாத்திரங்களையும் உலகத்தையும் படைத்தவர் அவற்றில் தொடர்ந்து எழுதும் உரிமையை, பங்கு விற்கப்பட்டாலும் வேலை பறிபோனாலும் இழக்காதவாறு ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பது இத்தொழிலில் வழக்கமாக வேண்டும். எழுத்தாளர் சங்கங்கள் இதைத் தம் கோரிக்கைகளுள் முதலில் வைக்க வேண்டும்.

தரச்சான்று வழங்கும் வாரியங்களை நாம் கேட்பதும் ஒன்றுண்டு. போதைப்பொருளின் பட்டியலையும் வசைச்சொல்லின் பட்டியலையும் மட்டும் வைத்து ஓர் ஆக்கத்தை அளக்க வேண்டா. உறுப்பினர் ஒருவரேனும் அதை முழுதும் ஆடி முடித்து, அந்தக் கைம்பெண்ணின் கதவு வரை சென்று, கூனோவின் தந்தை கிடக்கும் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தபின் எழுதப்படும் அறிக்கையே முதல் விசாரணையில் வாரியத்தின் முன் வைக்கப்பட வேண்டும். 2021 இல் மறு ஆய்வு வரை சென்று பெற்ற நீதி அதற்குமுன்பே கிடைத்திருக்கக்கூடியது.